மஞ்சளுக்கு அடியில் நான் பார்க்காத தோல்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் நர்ஸுகளுக்கும், வீடு வீடாகப் போகும் ஆஷா பணியாளர்களுக்கும் நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். என்னிடம் நல்ல வார்த்தை குறைவு. பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்காவின் கிழக்குக் கோடியில், இந்தக் கால் தமிழ்நாட்டில் அந்தக் கால் கேரளாவில் என்கிற மாதிரி ஒரு ஊரில், சப் சென்டர் நர்ஸாகக் கடைசிப் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். எத்தனை ஊசி போட்டேன், எத்தனை பிரசவம் பார்த்தேன் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. யாருக்காவது ஆசை இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதே பதிவேட்டில் ஒரு பொய்யும் இருக்கிறது. அதை எழுதியது நான். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் மஞ்சள். நீங்கள் ஏறுகிற ஒவ்வொரு வீட்டிலும் கேட்பார்கள், ஏனுங்க சிஸ்டர், மஞ்சள் தோலுக்கு நல்லதுதானுங்களே என்று. நல்லதுதான். வீக்கத்தையும் சிவப்பையும் கொஞ்சம் தணிக்கும். சில கிருமிகளைக் கொஞ்சம் அடக்கும். பருவுக்கும் அரிப்புக்கும் ஓரளவு பலன் இருக்கலாம் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்கிறார்கள், அடித்துச் சொல்ல இன்னும் நாளாகும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். நானும் பூசுகிறவள்தான். சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் முகம் தடித்துப் போகும். கடையில் விற்கும் பொடியில் நிறத்துக்காக எதை எதையோ கலக்கிறார்கள். தீக்காயத்தில் அப்பிக்கொண்டு வந்தால், புண் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்கே முதலில் மஞ்சளைக் கழுவி எடுக்க வேண்டும். இதெல்லாம் எந்த வாரப் பத்திரிகையிலும் படிக்கலாம்.

பத்திரிகையில் வராத ஒன்று உண்டு. மஞ்சள் மறைக்கும். தோலின் நிறம் எங்கே மாறியிருக்கிறது என்று பார்ப்பது உங்கள் வேலை. அந்தத் தோலின் மேல் தினமும் இன்னொரு நிறத்தைப் பூசிக்கொண்டு நிற்கிறார்கள் நம் பெண்கள். கழுவச் சொல்லவும் உங்களுக்கு வாய் வராது. நம் பக்கத்தில் அது வெறும் பூச்சு இல்லை. கட்டின பெண்ணின் முகத்தில் மஞ்சள் இல்லையென்றால் ஊர் என்ன நினைக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் எல்லோரும் மஞ்சளைப் பார்த்துவிட்டுத் தோலைப் பார்த்ததாக எழுதுகிறோம். நானும் எழுதினேன்.

பெண்ணின் பெயரைக் கோகிலா என்று வைத்துக்கொள்வோம். தென்னந்தோப்பும் நெல்வயலும் உள்ள குடும்பம். அம்மா இல்லை. அப்பாவின் அக்காதான் அந்த வீட்டிலேயே புருஷனோடு இருந்து வளர்த்தார். அந்த அத்தை சொன்னால் அப்பா கூட எதிர்த்துப் பேச மாட்டார்.

ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். குழந்தைகள் அழுது சப் சென்டரே கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. கோகிலா உள்ளே வந்து இடது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே, வெளிப்பக்கம், ஒரு ரூபாய்க் காசு அளவில் வெளுப்பு.

“ஏனுங்க சிஸ்டர், இது தேமலுங்களா? அரிப்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.”

அரிப்பு இல்லை என்று அவளே சொன்னாள். அந்த ஒரு வார்த்தை போதும், நான் ஊசியைக் கீழே வைத்திருக்க வேண்டும். பஞ்சால் தொட்டிருக்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பேனா முனையால் தொட்டு, எங்கே தொட்டேன் காட்டு என்று கேட்டிருக்க வேண்டும். நான் தலையைக்கூடச் சரியாகத் தூக்கவில்லை. தேமல்தான் கண்ணு, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போடு, தோலுக்கு நல்லது என்றேன். அவள் சந்தோஷமாகப் போய்விட்டாள். இலவசமாக வைத்தியம் சொன்ன பெருமை எனக்கும் இருந்தது.

கூட்டம் அதிகம், வேலை அதிகம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டேன். கூட்டம் எப்போதும் அதிகமாகத்தான் இருக்கும். இது முதல் தப்பு. இதையாவது தெரியாமல் செய்தேன். அடுத்தது தெரிந்தே செய்தது.

ஏழெட்டு மாதம் கழித்துத் தொழுநோய் சர்வே வந்தது. வீடு வீடாகப் போய் எல்லோருடைய தோலையும் பார்க்க வேண்டும். பார்க்க முடியாதவர்களுக்குப் படிவத்தில் தனிக் கட்டம் உண்டு. அதில் குறித்தால் மறுபடி போக வேண்டும். நூறு சதவீதம் முடிந்ததா, நூறு சதவீதம் முடிந்ததா என்று மேலிருந்து தினமும் போன். நானும் ஆஷா சாந்தாவும் கோகிலா வீட்டுக்குப் போனபோது வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் இங்கிருந்து போய் மலைமேல் உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வாங்கியவர்கள். நடுவீட்டில் கோகிலாவை உட்காரவைத்து நலங்கு நடந்துகொண்டிருந்தது. முகம், கழுத்து, இரண்டு கைகள், பாதம், எல்லாம் மஞ்சள். பச்சை மஞ்சளை அரைத்துக் கெட்டியாகப் பூசியிருந்தார்கள். கண் மட்டும்தான் அவளுடையது.

வந்த விஷயத்தைச் சொன்னேன். கையைக் கொஞ்சம் கழுவிவிட்டுக் காட்டினால் போதும் என்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, கல்யாணப் புள்ள மேல பூசுன மஞ்சளக் கழுவோணும்னு கவர்மெண்டுல சட்டம் போட்டிருக்காங்களா?”

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது எனக்கு இன்றைக்கும் எரிகிறது. அத்தை அதோடு விடவில்லை.

“நல்ல காரியம் நடக்கற எடமுங்க. தண்ணிய ஊத்தி மஞ்சள அழிக்கறதுக்கு இதென்ன எழவு ஊடுங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. சாந்தா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அப்போது கோகிலா தானாகவே இடது கையை என் பக்கம் நீட்டினாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எனக்குக் கேட்டது.

“அந்தத் தேமலு இன்னும் போவலீங்க சிஸ்டர். பெருசாயிருச்சு. இப்ப அந்த எடம் மரத்தாப்பல இருக்குதுங்க.”

“மாப்பிள்ள கையப் புடிச்சா எல்லா மரமரப்பும் போயிரும் புள்ள” என்றாள் ஒரு சித்தி. மறுபடியும் சிரிப்பு.

அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று நான் இன்றைக்குச் சொன்னால் அது இரண்டாவது பொய். அரிக்காத வெளுப்பு, பெரிதாகிறது, மரத்துப் போகிறது. பயிற்சி வகுப்பில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இது. மனதுக்குள் அந்த வார்த்தை வந்து நின்றது. அதை இந்தப் பந்தலுக்குள் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கல்யாணம் நின்றுவிடும். இந்தப் பெண்ணை வேறு யாரும் கட்ட மாட்டார்கள். பஞ்சாயத்து மெம்பர் இவர்களுக்குச் சொந்தம், என் மேல் புகார் போகும். கடைசியில் வந்த யோசனைதான் உண்மையான யோசனை. முதல் இரண்டும் அதற்குப் போட்ட சட்டை.

கல்யாணம் முடியட்டுங்க சிஸ்டர், மறுவீட்டுக்கு வர்றப்பப் பாத்துக்கலாம் என்று சாந்தா காதில் சொன்னாள். அவள் மேல் பழியில்லை. அவள் அந்த ஊரிலேயே குடியிருக்கிறவள், தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போக வேண்டும். முடிவெடுக்க வேண்டியவள் நான். அவளைத் தனியாக ஓர் அறைக்குள் கூட்டிப் போகக்கூட நான் கேட்கவில்லை. மோர் கொடுத்தார்கள். குடித்தேன். வெளியே வந்து, மலையாளத்தில் அச்சடித்த அந்தப் படிவத்தில் கோகிலாவின் பெயருக்கு நேரே, பரிசோதித்தாயிற்று, படை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பார்க்க முடியவில்லை என்ற கட்டம் பக்கத்திலேயே காலியாக இருந்தது.

மறுவீட்டுக்கு அவள் வந்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கு எனக்குச் சித்தூரில் மீட்டிங். அவளுடைய போன் நம்பர் என்னிடம் இருந்தது, கூப்பிடவில்லை. உடும்பஞ்சோலைப் பக்கத்து நர்ஸுக்கு ஒரு வரி எழுதினால் அவள் போய்ப் பார்த்திருப்பாள், எழுதவில்லை. எழுதினால் அந்தப் பெண்ணுக்கு மாமியார் வீட்டில் பெயர் கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதினால் என் படிவம் பொய் என்று ஆகிவிடும். அதுதான் காரணம்.

ஏழாம் மாதம் வயிற்றோடு கோகிலாவை அப்பா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கர்ப்பிணி வந்தால் நான் போய்ப் பார்க்க வேண்டும். போனேன். இடது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள். என்ன என்று கேட்டேன். ஸ்டோர் என்கிற ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் சூட்டுக் குழாய் மேல் கையை வைத்துவிட்டதாகச் சொன்னாள்.

“வலிக்கவே இல்லீங்க சிஸ்டர். என்னமோ கருகுற வாசம் வருதேன்னு திரும்பிப் பாத்தா என்ற கையுங்க.”

துணியைப் பிரித்தேன். அங்கேயும் மஞ்சள். பத்து நாளாக வைத்து வைத்துக் காய்ந்து பொருக்காகியிருந்தது. கழுவி எடுத்தபோது அடியில் சீழ். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்பக்கம் வளைந்திருந்தன. நிமிர்த்தச் சொன்னேன், பாதிதான் வந்தது. முழங்கையின் உள்பக்கம் விரல் வைத்துப் பார்த்தேன். நரம்பு கயிறு மாதிரி தடித்துக் கிடந்தது. ரூபாய் அளவில் இருந்த வெளுப்பு முன்கை முழுக்கப் பரவியிருந்தது. பேனா முனையால் ஆறு இடத்தில் தொட்டேன். கண்ணை மூடியிருந்தாள். எப்பங்க தொடுவீங்க என்று கேட்டாள்.

அன்றைக்கே அவளையும் அப்பாவையும் ஜீப்பில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப் போனேன். எங்கள் டாக்டர் வயதில் என் மகனைவிடச் சின்னவர், மலையாளி. அவளைப் பார்த்து முடித்து, வெளியே உட்காரவைத்துவிட்டு, சர்வே படிவத்தை எடுத்து வரச் சொன்னார். என் கையெழுத்தைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சேச்சி, அன்றைக்கு அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். ஒரு மெமோ வந்தது. பதில் எழுதினேன். அதோடு முடிந்தது. முடிந்தது எனக்கு மட்டும்தான்.

மாத்திரை இலவசம். வயிற்றில் குழந்தை இருந்தாலும் சாப்பிடலாம். மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் நோய் மற்றவர்களுக்குப் பரவாது. இதை நீங்கள் எந்த வீட்டிலும் உரக்கச் சொல்ல வேண்டும், நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். ஆனால் மாத்திரை கிருமியைத்தான் கொல்லும். செத்த நரம்பை எழுப்பாது. வெளுப்பு ரூபாய் அளவில் இருந்தபோதே ஆரம்பித்திருந்தால் அவளுக்கு ஒரு விரலும் போயிருக்காது என்று டாக்டர் சொன்னார். அதை எனக்காகச் சொல்லவில்லை, அப்பா கேட்டதற்குப் பதில் சொன்னார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு இந்த நோய் சிலருக்குக் கோபித்துக்கொள்ளும். மூன்றாம் வாரம் நரம்பு வீங்கிக் கை முழுக்கக் காந்தியது. மரத்துப் போன கையில் அப்படியொரு வலி. பாலக்காட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வீக்கம் வடிந்தது. விரல்கள் வளைந்தபடியே நின்றுவிட்டன, மூன்றாவது விரலும் சேர்ந்துகொண்டது. இடது கையால் அவளுக்குக் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டால் தெரியாது. தினமும் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போது உள்ளங்கையைத் திருப்பிப் பார், எங்காவது வெட்டோ கொப்புளமோ இருக்கிறதா என்று கண்ணால் பார், வலி வந்து சொல்லாது என்று சொல்லிக் கொடுத்தேன். இதைச் சொல்லிக் கொடுப்பதற்கா நான் நர்ஸ் ஆனேன் என்று வீட்டுக்குப் போய் அழுதேன். அழுதால் யாருக்கு என்ன பிரயோசனம்.

மாப்பிள்ளை வீட்டார் மலையிலிருந்து குழந்தையைப் பார்க்க வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். தொட்டில் பக்கத்தில் போகவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. பரவாது, மாத்திரை சாப்பிடுகிறாள், உங்கள் பையனுக்கும் பரிசோதனை செய்தாயிற்று, ஒன்றுமில்லை என்று சொன்னேன். தலையாட்டினார்கள். பையன் அதற்குப் பிறகு போனில் பேசினான், நேரில் வரவில்லை. கெட்டவன் இல்லை. அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவன். அவனைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. நானும் ஒரு பந்தலுக்குள் நின்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல்தானே வந்தேன்.

நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். முதல் தடவை போனபோது அத்தை பொள்ளாச்சியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார், வேண்டுமென்றேதான். அடுத்த வருஷம், நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் இருக்கும்போது, மறுபடி போனேன். வெள்ளிக்கிழமை காலை. அத்தை குளித்துவிட்டு முகம் நிறைய மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் அருகே பாயில் கோகிலா, வலது தொடையில் குழந்தை. அப்பாவைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன். அத்தையின் முறை வந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இவ்வளவும் நடந்த பிறகு, அந்த வளைந்த விரல்கள் என் கண்ணெதிரே இருக்கும்போது, மறுபடியும் குழைந்தேன். பரவாயில்லீங்க, கையும் காலும் மட்டும் காட்டுங்க, மூஞ்சி அப்புறமேலுக்குப் பாத்துக்கலாம் என்று என் வாயே சொன்னது. உங்களில் யாராவது, நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். ஒரே வருஷம் பொறுங்கள்.

அத்தை நிம்மதியாகக் கையை நீட்டினார். கோகிலா குழந்தையைப் பாயில் இறக்கினாள்.

“அத்தை, மூஞ்சியக் கழுவிட்டு வாங்க.”

“வெள்ளிக்கெழம அதுவுமா? பூசி அரை நாழி ஆவல அம்மிணி.”

“கழுவிட்டு வாங்க. அன்னிக்கு எல்லாரும் உங்களத்தான் கேட்டாங்க. என்னைய ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா நானே எந்திரிச்சுப் போயிக் கழுவியிருப்பேன்.”

அத்தையிடம்தான் பேசினாள். பார்த்தது என்னை. மன்னிப்புக் கேட்டால் எனக்கு லேசாக இருக்கும், அவளுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆனால் அவள் சொன்னதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் அனுமதி கேட்டது வீட்டில் பெரியவரிடம், சுற்றி நின்றவர்களிடம், படிவத்திடம். தோல் யாருடையதோ அவளிடம் கேட்கவில்லை. அவள் கையை நீட்டி, மரத்துப் போகிறது என்று சொல்லியும் கேட்கவில்லை.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஈர முகத்தோடு வந்து, நான் காட்டிய ஜன்னல் வெளிச்சத்தில் நின்றார். நெற்றி, கன்னம், காது மடல், தாடை, எல்லாம் தொட்டுப் பார்த்தேன். மஞ்சள் இல்லாத அவர் முகத்தை அந்தப் பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். வயதான, சாதாரணமான தோல். ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

அவர் உள்ளே போய் மறுபடி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். யாருக்கும் எந்த அமங்கலமும் வரவில்லை. கழுவி, பார்த்து, திரும்பப் பூசி வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? குழந்தை பாயில் கவிழ்ந்து, தவழ்ந்து, என் பைக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.